பதினைந்து வருஷம் நடந்த ஒரு காட்டுப் பள்ளிக்கூடம்

காட்டை எப்படிக் காப்பாற்றுவது, எப்படி வளர்ப்பது, எவ்வளவு வெட்டலாம் என்று சொல்லிக்கொடுக்க அமெரிக்காவில் தொடங்கிய முதல் பள்ளிக்கு, சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு கட்டடம் கிடையாது. முக்கியமான ஆசிரியர் ஒரே ஒருத்தர். படிப்பு ஒரு வருஷம். 1898இல் ஆரம்பித்தார்கள், 1913இல் மூடிவிட்டார்கள். இந்தப் பதினைந்து வருஷத்தில் அங்கே படித்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். அதன் பெயர் பில்ட்மோர் வனப் பள்ளி. வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது.

இன்றைக்கு இயற்கை வளப் பாதுகாப்பு என்பது உலகம் முழுக்கக் கல்லூரிகளில் ஒரு பாடம். பட்டம் உண்டு, தேர்வு உண்டு, அரசு வேலை உண்டு. காட்டைப் பற்றிய அறிவு எப்படி ஒரு "பாடம்" ஆனது என்று கொஞ்ச நாளாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். எந்தப் பக்கம் போனாலும் இந்தச் சின்னப் பள்ளிக்கூடம் குறுக்கே வந்து நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பர்மாத் தேக்கங்காடு வருகிறது, டேராடூன் வருகிறது. கடைசியில் நம்ம கோயம்புத்தூரும் வந்துவிடுகிறது. அந்த வழியை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு பணக்காரரின் பாழ் நிலம்

கதை ஆரம்பிப்பது ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்கிற கோடீஸ்வரரிடம். கப்பலிலும் ரயிலிலும் பெரும் பணம் சேர்த்த குடும்பத்தின் பேரப்பிள்ளை. 1880களின் கடைசியில் ஆஷ்வில் பக்கம் நிலம் வாங்க ஆரம்பித்தார். 250 அறைகள் கொண்ட ஒரு மாளிகையைக் கட்டினார். சுற்றிலும் வாங்கிச் சேர்த்த நிலம் கடைசியில் ஏறக்குறைய 1,25,000 ஏக்கர் ஆனது.

மாளிகையைச் சுற்றியிருந்த நிலம் பார்க்க லட்சணமாக இல்லை. சின்னச் சின்னப் பண்ணைகள் திரும்பத் திரும்ப உழுது சாரம் போன மண், மாடு மேய்ந்து மொட்டையான சரிவுகள், நல்ல மரம் எல்லாம் வெட்டிப்போன தோப்புகள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட்தான் இங்கேயும் ஆலோசகர். இந்த மண்ணில் பெரிய பூங்கா போட்டுப் பிரயோஜனம் இல்லை, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டம் போதும், மிச்சத்தைக் காடாக வளருங்கள், அது முதலீடாகவும் இருக்கும் என்பது அவர் யோசனை.

காட்டை வளர்க்க ஆள் வேண்டுமே? 1892இல் கிஃபோர்டு பின்ஷோ என்கிற இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். அந்தக் காலத்தில் வனவியல் படிக்க அமெரிக்காவில் இடமே இல்லாததால் பிரான்சின் நான்சி நகரத்தில் இருந்த வனப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்துவிட்டு வந்தவர். 1905இல் அமெரிக்க வனச் சேவை உருவானபோது அதன் முதல் தலைவரும் இவர்தான். பின்ஷோவை நான்சிக்குப் போகச் சொன்னது யார் என்று பார்த்தால், ஜெர்மனியின் பான் நகரத்தில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். டீட்ரிச் பிராண்டிஸ்.

இந்தியாவிலிருந்து திரும்பிப்போன பெரியவர்

பிராண்டிஸை இந்திய வனத்துறைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1824இல் பானில் பிறந்த தாவரவியலாளர். 1856இல் பர்மாவின் பெகு தேக்கங்காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்தார். யானைமேல் உட்கார்ந்து காடு காடாகப் போய்த் தேக்கு மரங்களைப் பருமன்வாரியாக எண்ணினார். எத்தனை மரம் பெரிசாக இருக்கிறது, எத்தனை மரம் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் வருஷத்துக்கு எத்தனை வெட்டலாம் என்று கணக்குப் போடலாம். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் ஆனார். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும் என்று அரசாங்கம் பறந்துகொண்டிருந்த நேரம் அது. 1878இல் டேராடூனில் வனப் பள்ளியை நிறுவினார். 1883இல் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார்.

இந்தக் கணக்குப் போடும் பழக்கத்துக்கு வேர் ஜெர்மனியில் இருந்தது. 1713இல் சாக்ஸனி நாட்டுச் சுரங்க அதிகாரி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வெள்ளி உருக்க விறகு தீர்ந்துபோகும் என்ற பயத்தில் ஒரு புத்தகம் எழுதினார். வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்கிற எண்ணம் அச்சில் அழுத்தமாக வந்தது அதில்தான். நூறு வருஷம் கழித்து அதைச் சொல்லிக்கொடுக்க ஜெர்மனியில் பள்ளிகள் வந்தன. அவை பல்கலைக்கழகங்களாக ஆரம்பிக்கவில்லை. அனுபவப்பட்ட ஒரு வன அதிகாரி, தன் பொறுப்பில் இருந்த காட்டுக்கே நாலைந்து பையன்களைக் கூட்டிவைத்துக் கற்றுக்கொடுப்பார். நம்ம ஊர் குருகுலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சம்பளமும் கணக்குவழக்கும் சேர்ந்த குருகுலம். ஹார்ட்டிக், கோட்டா என்கிற இரண்டு பேர் நடத்திய பள்ளிகள் பேர் போனவை. கோட்டா 1811இல் தாரண்ட் என்கிற சின்ன ஊருக்குத் தன் பள்ளியைக் கொண்டுபோனார். 1816இல் அது அரசுக் கல்விநிலையம் ஆகிவிட்டது.

பானில் ஓய்வெடுத்த பிராண்டிஸ் சும்மா இருக்கவில்லை. இந்தியாவுக்கு வன அதிகாரிகளாகப் போகவிருந்த ஆங்கிலேய மாணவர்களை ஜெர்மன் காடுகளில் கூட்டிக்கொண்டு சுற்றினார். அந்தச் சுற்றுப்பயணங்களில் அவருக்கு உதவியாகப் போன ஜெர்மன் இளைஞர் கார்ல் ஆல்வின் ஷெங்க். பின்ஷோ வேறு வேலைகளைப் பார்க்க ஆரம்பித்ததும் பில்ட்மோருக்கு முழு நேர ஆள் தேவைப்பட்டது. பிராண்டிஸ் கைகாட்டியது ஷெங்கை. 1895இல் ஷெங்க் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அப்போது வயது 27.

அதாவது, பர்மாவிலும் இந்தியாவிலும் அனுபவப்பட்ட ஒரு மனிதரின் வழியாகத்தான் அமெரிக்காவின் முதல் வன அதிகாரியும், முதல் வன ஆசிரியரும் வந்திருக்கிறார்கள். வழக்கமாக நாம் அறிவு மேற்கிலிருந்து கிழக்கே வந்ததாகப் படிப்போம். இந்த ஒரு விஷயத்தில் அது பெகுவையும் டேராடூனையும் சுற்றிக்கொண்டு அமெரிக்கா போயிருக்கிறது.

காலையில் பாடம், மத்தியானம் குதிரை

ஷெங்குக்குக் காட்டு வேலைகளில் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. வேலை கற்றுக்கொள்ள வந்த இளைஞர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதுவே 1898 செப்டம்பரில் முறையான பள்ளி ஆனது.

நடைமுறை எளிமையானது. காலையில் வகுப்பு. மத்தியானம் எல்லாரும் குதிரையில் ஏறி, ஷெங்க் அன்றைக்கு எந்தக் காட்டுக்கு வேலையாகப் போகிறாரோ அங்கே போவார்கள். நாற்றங்கால் பார்ப்பது, மரத்தின் கன அளவைக் கணக்கிடுவது, சாலை போடுவது, மரம் அறுக்கும் ஆலை ஓட்டுவது, கூலி கொடுப்பது, தீயணைப்பது எல்லாம் பாடம்தான். சரியான பாடப்புத்தகம் அமெரிக்காவில் கிடையாது என்பதால் அவரே சின்னச் சின்னப் பிரசுரங்களாக எழுதி அச்சடித்துக்கொண்டார். ஒரு வருஷம் முழுக்கப் படிப்பு. அதன் பிறகு ஆறு மாதம் வெளியே வேலைப் பயிற்சி. குளிர்காலத்தில் மாளிகைப் பக்கம், கோடை வந்தால் பிங்க் பெட்ஸ் என்கிற மலைப் பள்ளத்தாக்கு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த அம்சம் வேறு. ஷெங்க் ஜெர்மனியில் படித்த பாடம் அமெரிக்க மண்ணில் பல தடவை பலிக்கவில்லை. பாழ் நிலத்தில் நல்ல சாதி இலையுதிர் மரங்களின் விதைகளையும் கன்றுகளையும் நட்டார்கள். எலியும் அணிலும் விதையைத் தின்றுபோனது, மண் ஏற்கவில்லை. வெள்ளைப் பைன் கன்றுகளை வைத்தபோதுதான் பிழைத்தது. இன்னொன்று, பிக் கிரீக் பள்ளத்தாக்கில் டூலிப் பாப்லர் மரங்களை வெட்டி, ஓடையில் தற்காலிக அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு மரங்களை மிதக்கவைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பாய்ந்த தண்ணீரும் கட்டைகளும் கீழே இருந்த விவசாயிகளின் வயலையும் பாலங்களையும் சேதப்படுத்திவிட்டன. வழக்கு, நஷ்ட ஈடு என்று இழுத்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் இளம் டூலிப் பாப்லர் திரும்ப முளைத்தது. பணக் கணக்கில் தோல்வி, காட்டுக் கணக்கில் வெற்றி.

இதெல்லாம் மாணவர்கள் கண்ணெதிரே கிடந்தது. செத்த நாற்றங்கால் எங்கே, பிழைத்த நாற்றங்கால் எங்கே என்று குதிரையில் போய்ப் பார்த்துவிடலாம். புத்தகத்தில் இருப்பதும் மண்ணில் நடப்பதும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று யோசிக்கிற வாய்ப்பு, வாத்தியாரும் மாணவர்களும் ஒரே காட்டில் வேலை செய்தால்தான் கிடைக்கும். பெரிய கல்லூரிக்கு ஆய்வகமும் நூலகமும் இருக்கும். வருஷா வருஷம் ஒரே சரிவுக்குத் திரும்பிப் போய் "போன தடவை செய்தது என்ன ஆச்சு?" என்று கேட்கிற வசதி சின்னப் பள்ளிக்குத்தான் சுலபமாக அமையும்.

யாருடைய குடிசை?

இந்த இடத்தில்தான் கதை கசக்க ஆரம்பிக்கிறது.

பிங்க் பெட்ஸில் மாணவர்கள் எங்கே தங்கினார்கள்? அங்கே காலியாகக் கிடந்த மரக் குடிசைகளில். ஒவ்வொரு குடிசைக்கும் வேடிக்கையாகப் பேர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பேர்களை இன்றைக்கும் ரசித்துச் சொல்கிறார்கள். கோடை வகுப்பு நடந்த அறை, அதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கு மக்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே அவர்களுக்குத் தேவாலயம்.

குடிசைகள் ஏன் காலியாக இருந்தன? வாண்டர்பில்ட் நிலத்தை வாங்க வாங்க, அங்கே சோளம் போட்டு, காட்டில் மாடும் பன்றியும் மேயவிட்டு, வேட்டையாடிப் பிழைத்த குடும்பங்கள் கிளம்பிப் போனார்கள். பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கியதுதான். இருந்தாலும் பக்கத்து நிலமெல்லாம் ஒருத்தர் கைக்குப் போய், மேய்ச்சலும் வேட்டையும் தடை ஆன பிறகு ஒரு மலைக் குடும்பம் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? போகாமல் நின்றவர்கள் ஷெங்கின் கண்ணில் அத்துமீறிக் குடியிருப்பவர்கள். அவர்களில் சிலரையே காவலர்களாகவும் வேலைக்கு வைத்துக்கொண்டார். காட்டின் ஒவ்வொரு மடிப்பும் அவர்களுக்குத்தானே தெரியும்.

இன்னும் ஒரு அடுக்கு கீழே போனால், அந்தக் குடியானவர்களுக்கு முன்னால் அது செரோக்கி பழங்குடியினரின் மலை. 1838இல் ராணுவத்தை வைத்து அவர்களில் பெரும்பாலோரை மேற்கே துரத்தினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

ஆக, காட்டைக் காப்பது எப்படி என்று படிக்க வந்த பையன் தூங்கியது, அந்தக் காட்டிலிருந்து போனவனின் வீட்டில். உட்கார்ந்து குறிப்பெடுத்தது, அவன் பிள்ளை எழுதப் படித்த அறையில். பாடத்திட்டத்தில் மண், மரம், பூச்சி, தீ, ஆலை, சந்தை விலை எல்லாம் இருந்தது. அந்தக் குடிசைக்காரன் காட்டை எப்படிப் பயன்படுத்தினான், அவன் போனதால் காட்டுக்கும் அவனுக்கும் என்ன ஆனது என்பது ஒரு பாடமாக இருக்கவில்லை.

ஷெங்கைக் கொடியவராகச் சித்திரிக்க நான் இதை எழுதவில்லை. அந்தக் காலத்து வனவியலின் இலக்கணமே அப்படித்தான் இருந்தது. பிராண்டிஸின் பர்மாவில் கரேன் மக்கள் மலையில் காட்டை எரித்து நெல் விதைத்து, சில வருஷத்தில் வேறு இடம் போவார்கள். அந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டு, நெல்லோடு தேக்கையும் நடச் சொன்னார்கள். நெல்லை அறுத்துக்கொண்டு அவர்கள் போக வேண்டும், தேக்கு சர்க்காருக்கு. டாங்கியா என்று வனவியல் புத்தகங்களில் பேர் வாங்கிய முறை இது. மலைக்காரனின் அறிவு புத்தகத்துக்குள் நுழைந்தது. மலைக்காரன் கூலியாக வெளியே நின்றான்.

பள்ளி மூடின கதை

1898இல் பில்ட்மோருக்குச் சில வாரம் பின்னால் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நியூயார்க் மாநில வனவியல் கல்லூரி ஆரம்பித்தது. தலைவர் பெர்ன்ஹார்டு ஃபெர்னோ, அவரும் ஜெர்மனிக்காரர். அடிரோண்டாக் மலையில் 30,000 ஏக்கரைச் செயல்விளக்கக் காடாகக் கொடுத்தார்கள். ஃபெர்னோ பழைய இலையுதிர் மரங்களை மொத்தமாக வெட்டி ஊசியிலை மரம் நட ஆரம்பித்தார். பக்கத்தில் கோடை பங்களா வைத்திருந்த பணக்காரர்கள் கொதித்தார்கள். 1903இல் ஆளுநர் நிதியை நிறுத்தினார், கல்லூரி மூடிக்கொண்டது. பிங்க் பெட்ஸ் குடியானவன் ஆட்சேபித்தால் அவன் கிளம்ப வேண்டும், பங்களாக்காரர் ஆட்சேபித்தால் கல்லூரி கிளம்ப வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

1900இல் பின்ஷோ குடும்பம் 1,50,000 டாலர் கொடுத்து யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பள்ளி ஆரம்பித்தது. அது பட்டதாரிகளுக்கான படிப்பு. பின்ஷோவுக்கு அரசுக் காடுகளை நிர்வகிக்க அதிகாரிகள் வேண்டும். ஷெங்குக்கோ தனியார் காட்டை லாபமாக நடத்தத் தெரிந்த ஆட்கள் வேண்டும். காடு காசு கொடுத்தால்தான் முதலாளி அதை வெட்டித் தீர்க்காமல் வைத்திருப்பான் என்பது அவர் கட்சி. ஒரே பெரியவரிடம் பாடம் கேட்ட இரண்டு பேரும் இதில் பிரிந்துபோனார்கள்.

1909இல் ஷெங்குக்கும் வாண்டர்பில்டுக்கும் முட்டிக்கொண்டது. காட்டின் வேட்டை, மீன்பிடி உரிமைகளை ஷெங்க் குத்தகைக்கு விட்டதும் அதற்கு ஒரு காரணம். வேலை போனது, காடும் போனது. மனுஷன் விடவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். குளிர்காலம் ஜெர்மனியில், மிச்ச நாள் நியூயார்க், மிச்சிகன், ஓரிகன் என்று காட்டுக்குக் காடு முகாம். நடமாடும் பள்ளிக்கூடம். நாலு வருஷம் அப்படி ஓடிற்று. அதற்குள் பல பல்கலைக்கழகங்களில் வனவியல் துறை வந்துவிட, மாணவர் சேர்க்கை குறைந்து 1913இல் நிறுத்திவிட்டார்.

1914இல் வாண்டர்பில்ட் இறந்தார். அவர் மனைவி ஈடித், ஏறக்குறைய 87,000 ஏக்கர் காட்டை ஏக்கர் 5 டாலர் கணக்கில் அரசாங்கத்துக்கு விற்றார். 1916இல் அது பிஸ்கா தேசிய வனம் ஆனது. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதில் 6,500 ஏக்கரை "அமெரிக்க வனவியலின் தொட்டில்" என்று தனியாக ஒதுக்கியது. பழைய பள்ளிக்கூடத்தையும் குடிசைகளையும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

நம்ம பக்கம்

பில்ட்மோர் மூடுவதற்கு முந்தின வருஷம், 1912இல், கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரி ஆரம்பித்தது. தென்னிந்தியக் காடுகளுக்கு ரேஞ்சர்களைத் தயார்செய்ய. அதே ஊரில் 1902இலேயே காஸ் வன அருங்காட்சியகம் வந்துவிட்டது. மரத் துண்டுகளும் பாடம் செய்த விலங்குகளும் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

டேராடூனுக்கும் கோவைக்கும் பில்ட்மோரோடு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே படிப்பே இரண்டு தட்டு. மேலதிகாரிகள் முதலில் பிரான்சிலும் ஜெர்மனியிலும், 1885 முதல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலும், பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து வந்தார்கள். இந்தியர்களுக்கு என்று இருந்தது ரேஞ்சர் படிப்பு. காட்டை அளக்கலாம், காவல் காக்கலாம். அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற நாற்காலி வேறு இடத்தில்.

இன்னொரு தேதிப் பொருத்தம். டேராடூன் பள்ளி வந்தது 1878. இந்திய வனச் சட்டம் வந்ததும் 1878. பள்ளி எந்த வேலைக்கு ஆள் தயார்செய்ததோ, அந்த வேலைக்கு அதிகாரம் கொடுத்தது சட்டம். காடுகள் சர்க்கார் சொத்தாக ஒதுக்கப்பட்டன. ஊர்க்காரர்கள் அதுவரை அனுபவித்த விறகு, மேய்ச்சல், தேன் எல்லாம் உரிமை என்பதிலிருந்து சலுகை என்று இறங்கியது. பிராண்டிஸ் இதில் முழு மனதோடு நிற்கவில்லை. கிராமத்துக்கென்று தனிக் காடு வேண்டும் என்று வாதாடியவர் அவர். சட்டத்தில் கிராமக் காடு என்று ஒரு வகையைச் சேர்க்கவும் செய்தார்கள். நடைமுறையில் அது பேருக்குத்தான் இருந்தது.

எதிர்ப்பு நம்ம மாகாணத்திலிருந்தே வந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கே கிராமத்துக்குப் பாத்தியதை இல்லாத காடே அரிது, அப்படியே எடுத்துக்கொள்வது பறிமுதல் ஆகும் என்கிற வாதத்தைச் சென்னை மாகாண அதிகாரிகளே எழுப்பினார்கள். அதனால் 1878 சட்டம் இங்கே அப்படியே செல்லுபடியாகவில்லை. சென்னைக்குத் தனியாக 1882இல் ஒரு வனச் சட்டம் வந்தது. கடைசியில் அதுவும் காடுகளை ஒதுக்கத்தான் செய்தது. இருந்தாலும் "இந்தக் காட்டில் ஏற்கெனவே யாருக்கு என்ன உரிமை?" என்ற கேள்வியை அதிகாரிகளே ஒரு தடவை உரக்கக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் பதில் சொல்ல 2006 வரை ஆயிற்று. வன உரிமைச் சட்டத்தின் முகவுரையிலேயே வனவாசிகளுக்கு நடந்தது வரலாற்று அநீதி என்று எழுதியிருக்கிறது. 1878இலிருந்து எண்ணினால் 128 வருஷம்.

இவ்வளவு படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். பில்ட்மோரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஒரு குறிப்பிட்ட காட்டில் காலூன்றி நின்று கற்றுக்கொடுத்ததால் மண்ணையும் மரத்தையும் பற்றி அது பொய் சொல்ல முடியவில்லை. செத்த கன்று செத்ததுதான். அதே காட்டில் அதே மாதிரி கண்ணெதிரே இருந்த காலிக் குடிசையை மட்டும் ஒரு தங்குமிடமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது.

இன்றைக்கும் மலையடிவாரத்து ஊர்களில் சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே சுற்றுச்சூழலும் வனவியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய ஆய்வகம் இல்லையே என்று அவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. ஷெங்கிடமும் அது இல்லை. வருஷா வருஷம் ஒரே சரிவுக்குப் போய்ப் பார்க்கிற பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். கூடவே, அந்தச் சரிவில் இதற்கு முன் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது என்ன என்று விசாரித்து எழுதிவைப்பதையும் முதல் வருஷப் பாடமாகவே வைத்துவிடலாம். அதற்குக் குதிரைகூட வேண்டாம், நடந்தே போய்விடலாம்.